ஏட்டில் இருந்தும் செய்தியாகாத நோய்கள்

நோய்க்குச் சாதி இல்லை என்பர். காலராவும் பெரியம்மையும் ஊர்த்தெரு என்றும் சேரித்தெரு என்றும் பாராமல் புகுந்து வாரிச் சென்ற கதைகளை நம் முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். நோயைப் பற்றிய செய்தியின் நிலை வேறு. எந்த நோய் நாளிதழின் முதற்பக்கத்தில் இடம்பெறும், எது உட்பக்கத்து மூலையில் நான்கு வரியாகச் சுருங்கும், எது அச்சேறாமலே போகும் என்பன, அவ்விதழின் ஆசிரியர் குழுவில் அமர்ந்திருப்போர் யாவர் என்பதைப் பொறுத்தே பெரிதும் அமைந்து வந்துள்ளன. இக்கூற்றை வெறும் மனக்குறையாகக் கொள்ளுதல் வேண்டா. இதற்கு ஆண்டுகளும் எண்களும் கொண்ட சான்றுகள் உள. அவற்றுள் சிலவற்றை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வெள்ளிவிழா மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று சங்கத்துச் செயலாளர் கேட்டபொழுது, பள்ளிக் கல்வியைப் பற்றியே நான் எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார். அதனைப் பற்றி எழுதப் பலர் உளர். நம் பிள்ளைகள் ஆசிரியர்களாகவும் செவிலியர்களாகவும் எழுத்தர்களாகவும் காவலர்களாகவும் பொறியாளர்களாகவும் உயர்ந்துள்ளனர். பத்திரிகை அலுவலகம் என்பது ஒரு வேலைக்களம் என்ற நினைவே நம் வீடுகளில் அரிதாக இருக்கின்றது. அந்த வாயிலைப் பற்றி ஒருவரேனும் எழுதவேண்டும் எனத் தோன்றியது.

முதற்கண் அமெரிக்க நாட்டை எடுத்துக்கொள்கிறேன். அயல்நாட்டுச் செய்தி என்று வாசகர் முகஞ்சுளிக்க வேண்டா. நிறத்தால் ஒதுக்கப்பட்ட ஒரு மக்கள் தமக்கென இதழ் நடத்தியதும், பிறர் இதழ்களில் இடம் கேட்டதும், அவ்விடம் எத்தனை விழுக்காடு என்று ஆண்டுதோறும் எண்ணிப் பார்த்ததும் அங்கு ஒழுங்காகப் பதிவாகியுள்ளன. நம் நாட்டில் எண்ணிப் பார்க்கும் வழக்கம் மிகப் பிந்தியே வந்தது.

அமெரிக்கக் கறுப்பின மக்கள் தாமே நடத்திய முதல் செய்தித்தாள் 1827ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் வெளிவந்த ‘ஃப்ரீடம்ஸ் ஜர்னல்’ ஆகும். அடிமை முறை தென்மாநிலங்களில் நிலவிய காலம் அது. பின்னர் 1905ஆம் ஆண்டில் ராபர்ட் அபாட் என்பவர் சிகாகோ நகரில் ‘சிகாகோ டிஃபெண்டர்’ என்னும் இதழைத் தொடங்கினார். இவ்விதழ் பரவிய முறை சுவையானது. புல்மன் கம்பெனியின் தூங்கும் வண்டிகளில் பணியாளராக இருந்த கறுப்பினத்தார், இதழ்க் கட்டுகளைத் தம்முடன் எடுத்துச் சென்று தென்மாநில ஊர்களில் சேர்ப்பித்தனர். ஒரு தாள் பல கை மாறியது. எழுதப் படிக்கத் தெரிந்தவர் முடிதிருத்தும் கடைகளிலும் தேவாலயங்களிலும் உரக்கப் படிக்க, மற்றவர் கேட்டனர். நம்மூர்த் தேநீர்க் கடைத் திண்ணையை அறிந்தவர்க்கு இக்காட்சி புதிதன்று.

அவ்விதழில் டாக்டர் வில்பர்ஃபோர்ஸ் வில்லியம்ஸ் என்னும் கறுப்பின மருத்துவர் உடல்நலப் பகுதி ஒன்றை 1910களில் தொடங்கிப் பல ஆண்டுகள் எழுதிவந்தார். காசநோயைப் பற்றியும் தூய்மையைப் பற்றியும் எழுதினார். மற்றோர் வெளிப்படையாகப் பேசக் கூசிய பால்வினை நோய்களைப் பற்றியும் எழுதினார். மருத்துவர் ஒருவர் செய்தித்தாளில் எழுதுவது பெரிய காரியமா எனச் சிலர் வினவலாம். அக்காலத்தில் அந்நாட்டு மருத்துவச் சங்கத்தின் உள்ளூர்க் கிளைகள் பல கறுப்பின மருத்துவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. கிளையில் இடமில்லாதார்க்குத் தலைமைச் சங்கத்திலும் இடமில்லை. ஆதலின் அவர்கள் 1895ஆம் ஆண்டில் தமக்கெனத் தேசிய மருத்துவக் கழகம் ஒன்றையும், 1909ஆம் ஆண்டில் அதற்கென ஓர் இதழையும் கண்டனர். தம் மக்களிடம் நேராகப் பேசுவதற்கு அவர்களுக்கு இருந்த மேடை தம்மவர் நடத்திய இதழ் ஒன்றே. அமெரிக்க மருத்துவச் சங்கம் தன் பழைய போக்கிற்கு மன்னிப்புக் கோரியது 2008ஆம் ஆண்டில்தான்.

நிற்க. இனி நான் கூறப்போவது கேட்போர் நெஞ்சைக் கலக்கும் செய்தியாகும்.

அலபாமா மாநிலத்தில் மேக்கன் என்றொரு மாவட்டம் உண்டு. பருத்தி விளையும் பூமி. அங்கு 1932ஆம் ஆண்டில் அமெரிக்க அரசின் பொதுச் சுகாதாரத் துறை ஓர் ஆய்வைத் தொடங்கியது. கறுப்பின ஏழை ஆடவர் 600 பேர் அதில் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் 399 பேர் சிபிலிஸ் என்னும் மேகநோய் உடையவர். 201 பேர் அந்நோய் இல்லாதவர். நோயுற்றவரிடம் நோயின் பெயர் கூறப்படவில்லை. ‘கெட்ட இரத்தம்’ என்று மட்டும் சொல்லப்பட்டது. இலவசப் பரிசோதனை, பரிசோதனை நாளில் உணவு, இறந்தால் அடக்கச் செலவுக்குத் தொகை ஆகியவை கிடைக்கும் என்று கூறி அவர்களை வரவழைத்தனர். மருந்து கொடாமல் விட்டால் இந்நோய் மனித உடலை என்ன செய்யும் என்று பார்த்து எழுதுவதே ஆய்வின் உட்கருத்து. 1940களின் நடுவில் பெனிசிலின் மருந்து இந்நோயைக் குணமாக்கும் என்பது தெளிவாகியது. அதன் பிறகும் அவர்களுக்கு அது கிடைக்கவிடப்படவில்லை. ஆய்வு 40 ஆண்டுகள் நடந்தது. ஏழைக் கூலி விவசாயிக்கு அடக்கச் செலவைக் காட்டி அவன் உடலையே விலை பேசிய கொடுமையை எண்ணும்போது சொல் எழவில்லை.

இக்கொடுமையைப் பலரும் அறிவர். ‘இரகசிய ஆய்வு’ என்று இதனைக் குறிப்பிடுவோரும் உண்டு. அந்த ஆய்வுக்கு உள்ளானோர்க்கு அது இரகசியம். உலகுக்கு அது இரகசியமாக இருக்கவில்லை. முதல் ஆய்வறிக்கை 1936ஆம் ஆண்டிலேயே அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழிலேயே அச்சாகியது. ‘சிகிச்சை பெறாத’ என்னும் சொல்லும் கறுப்பின ஆடவர் என்னும் குறிப்பும் அதன் தலைப்பிலேயே இருந்தன. தொடர்ந்து சில ஆண்டுகளுக்கொரு முறை அடுத்தடுத்த அறிக்கைகள் வந்தன. அவை நூலகங்களின் அடுக்குகளில் யார் வேண்டுமாயினும் எடுத்துப் படிக்கும் நிலையில் இருந்தன. ஆயினும் 36 ஆண்டுகள் எந்தப் பெரிய நாளிதழுக்கும் அது செய்தியாகவில்லை.

செய்தியான விதத்தையும் கூறவேண்டும். பொதுச் சுகாதாரத் துறையின் சான்பிரான்சிஸ்கோ கிளையில் பணியாற்றிய பீட்டர் பக்ஸ்டன் என்னும் இளைஞர் இதனைக் கேள்வியுற்று, 1966ஆம் ஆண்டிலும் 1968ஆம் ஆண்டிலும் மேலதிகாரிகளுக்கு எழுத்து மூலம் எதிர்ப்புத் தெரிவித்தார். பயனில்லை. பின்னர்ச் செய்தி நிறுவனம் ஒன்றில் பணியாற்றிய தோழி ஒருவரிடம் கூறினார். அவர் வழியே ஜீன் ஹெல்லர் என்னும் பெண் நிருபரிடம் ஆவணங்கள் சேர்ந்தன. 1972 ஜூலை 25ஆம் நாள் அவர் எழுதிய செய்தி வெளிவந்தது. மறுநாள் நாடெங்கும் முதற்பக்கச் செய்தியாயிற்று. அவ்வாண்டே ஆய்வு நிறுத்தப்பட்டது. 1974ஆம் ஆண்டில் வழக்கு ஒரு கோடி டாலர் இழப்பீட்டில் முடிந்தது. நாட்டின் சார்பில் குடியரசுத் தலைவர் கிளிண்டன் மன்னிப்புக் கேட்டது 1997 மே மாதத்தில்.

பக்ஸ்டனும் ஹெல்லரும் வெள்ளையர். ‘மனச்சான்று உள்ளவர் யாராயினும் போதுமே, ஆசிரியர் குழுவில் அந்தந்த மக்களே அமரவேண்டும் என்று ஏன் வற்புறுத்துகிறீர்?’ என்று கேட்போர்க்கு இது நல்ல வாதமாகும். அவ்விருவர்க்கும் நாம் தலைவணங்கக் கடமைப்பட்டுள்ளோம். ஆனால் மனச்சான்று உள்ளவர் வந்து சேர 40 ஆண்டுகள் ஆயின என்பதை மறத்தல் ஆகாது. மேக்கன் மாவட்டத்தில் பிறந்து, ‘கெட்ட இரத்தம்’ என்ற சொல்லைத் தன் பாட்டனார் வாயால் கேட்டு வளர்ந்த ஒருவர் ஒரு பெருநகர நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் 1936இல் அமர்ந்திருந்தால் உண்மை அன்றே வெளிப்பட்டிருக்கும் என்று நான் சாதிக்க வரவில்லை. அதனை எவரும் மெய்ப்பிக்க இயலாது. ஆனால் அந்தத் தலைப்பைப் படித்தவுடன், ‘சிகிச்சை ஏன் பெறவில்லை?’ என்னும் கேள்வி அவருக்கு எழுந்திருக்கும். அறிக்கையில் உள்ள உருவங்களுள் தன் உறவினர் முகம் தெரிந்தவனுக்கு எழும் கேள்வி அது.

இதன் மறுபக்கத்தையும் மறைக்காமல் கூறுவதே முறை. அந்த ஆய்விற்குத் துணைநின்ற கல்வி நிலையம் கறுப்பின மக்களின் பெருமையாக விளங்கிய டஸ்கீகி நிலையமே. புக்கர் வாஷிங்டன் 1881ஆம் ஆண்டு முதல் கட்டி வளர்த்த நிறுவனம் அது. நோயாளிகளை அழைத்து வந்தும் ஆறுதல் கூறியும் நெடுங்காலம் பணியாற்றிய செவிலியார் கறுப்பினப் பெண்மணியே. ஆகவே நம்மவர் ஒருவர் உள்ளே இருந்தால் போதும் என்பதும் பிழையான கணக்கு. எதை எழுதுவது, எதைக் கேட்பது என்று முடிவு செய்யும் நாற்காலியில் அவர் அமரவேண்டும். கோப்பைத் தூக்கிச் செல்லும் கை வேறு. கோப்பில் குறிப்பெழுதும் கை வேறு. அரசு அலுவலகங்களில் பணியாற்றும் நம் தோழர்க்கு இதனை நான் விளக்க வேண்டியதில்லை.

1967ஆம் ஆண்டில் அமெரிக்க நகரங்கள் பலவற்றில் கலவரம் மூண்டபின், காரணம் காண அமைக்கப்பட்ட கெர்னர் குழு 1968ஆம் ஆண்டில் தன் அறிக்கையை அளித்தது. அதில் பத்திரிகைகளைப் பற்றித் தனி அத்தியாயமே இருந்தது. செய்தித் தொழிலில் ஆசிரியப் பணிகளில் கறுப்பினத்தார் 5 விழுக்காட்டிற்கும் குறைவு. ஆசிரியர், மேற்பார்வையாளர் நிலைகளில் 1 விழுக்காட்டிற்கும் குறைவு என்று அக்குழு கண்டது. 1978ஆம் ஆண்டில் அந்நாட்டு நாளிதழ் ஆசிரியர் கழகம், நாட்டு மக்கள் தொகையில் சிறுபான்மை இனத்தார்க்கு உள்ள பங்கு 2000ஆம் ஆண்டிற்குள் பத்திரிகை அலுவலகங்களிலும் அமையவேண்டும் என்று குறிக்கோள் வகுத்தது. அப்போதிருந்த அளவு 4 விழுக்காட்டிற்கும் சற்றுக் குறைவு. 2000ஆம் ஆண்டு வந்தபோது அது ஏறத்தாழ 12 விழுக்காட்டை எட்டியிருந்தது. மக்கள் தொகையிலோ சிறுபான்மையோர் நான்கில் ஒரு பங்கிற்கும் மேல். முன்கூட்டியே இதனை உணர்ந்த கழகம், 1998ஆம் ஆண்டிலேயே காலக்கெடுவை 2025 எனத் தள்ளிவைத்தது. தவணையைத் தள்ளிவைப்பது எல்லா நாட்டாருக்கும் தெரிந்த கலை போலும். இருப்பினும் எண்ணிக்கையை மறைக்காமல் ஆண்டுதோறும் வெளியிட்டு வந்தார்களே, அதற்காகப் பாராட்டலாம்.

கொரோனாக் காலத்தில் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் என்னும் சிறு கருவியை நம் வீட்டாரில் பெரும்பாலோர் கண்டிருப்பர். விரலில் கவ்வி மாட்டினால் இரத்தத்தில் உள்ள ஆக்ஸிஜன் அளவைக் காட்டும். 2020, 2021ஆம் ஆண்டுகளில் சுகாதாரப் பணியாளர் அதனைக் கையில் ஏந்தித் தெருத்தெருவாக வந்தனர். எண் 94க்குக் கீழே இறங்கினால் மருத்துவமனை; இல்லையேல் வீட்டிலேயே இருக்கலாம் என்றனர். கருவி ஒளியைத் தோலின் ஊடே செலுத்தி அளக்கின்றது. தோல் கறுத்திருந்தால் அளவு பிழைபடாதோ என்ற கேள்வி மிக எளியது. 1990ஆம் ஆண்டிலும் 2005ஆம் ஆண்டிலும் மருத்துவ இதழ்களில் வெளிவந்த ஆய்வுகள், பிழைபடும் என்று கூறியிருந்தன. மீண்டும் அதே கதை: ஏட்டில் இருந்தது, செய்தியாகவில்லை.

ஏமி மோரன்-தாமஸ் என்னும் மானிடவியல் பேராசிரியை, வீட்டில் தம் கணவர் நோயுற்றபோது இக்கருவியை வாங்கிப் பயன்படுத்தினார். ஐயம் தோன்றப் பழைய ஆய்வுகளைத் தேடிப் படித்து, 2020 ஆகஸ்டில் ‘பாஸ்டன் ரிவ்யூ’ என்னும் இதழில் கட்டுரை எழுதினார். அது மருத்துவ ஏட்டில் வந்த ஆய்வன்று. பொது வாசகர் படிக்கும் கட்டுரை. அதனைப் படித்த மிச்சிகன் மருத்துவர்கள் தம் மருத்துவமனைப் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தனர். அவ்வாண்டு டிசம்பரில் முடிவு வெளியாயிற்று. கருவி 92 முதல் 96 வரை காட்டிய நோயாளிகளுள், இரத்தத்தை நேராகச் சோதித்தபோது ஆக்ஸிஜன் 88க்கும் கீழே இறங்கியிருந்தவர் வெள்ளையரில் 3.6 விழுக்காடு, கறுப்பினத்தாரில் 11.7 விழுக்காடு. கருவி நலம் என்று கூறிய போதே மூச்சுக்குத் தவித்தவர் இவர்கள். ஒரு கட்டுரை உயிர் காக்குமா என்று ஐயுறுவோர் இதனைச் சிந்திக்கலாம். கறுத்த தோலினராகிய நமக்கு இச்செய்தி அயல்நாட்டுச் செய்தி ஆகாது.

1936இல் அந்த அறிக்கையை அச்சிட்ட அதே மருத்துவ இதழ், 2021 பிப்ரவரியில் இன்னொரு சிக்கலில் மாட்டியது. மருத்துவத் துறையில் இன வேறுபாடு உண்டா என்பதைப் பற்றி அவ்விதழ் ஒலிபரப்பிய உரையாடலில் பேசியவர் இருவரும் வெள்ளையர். மருத்துவர் எவரும் இனவெறியர் அல்லர் என்ற பொருளில் அதற்கு விளம்பரமும் செய்யப்பட்டது. கண்டனம் எழுந்தது. இதழின் தலைமையாசிரியர் அவ்வாண்டு ஜூன் இறுதியில் பதவி விலகினார். 2022ஆம் ஆண்டில் கிர்ஸ்டன் பிபின்ஸ்-டொமிங்கோ என்னும் கறுப்பினப் பெண் மருத்துவர் அப்பொறுப்பை ஏற்றார். 1883ஆம் ஆண்டில் தொடங்கிய இதழுக்கு இம்மாற்றம் வர ஏறத்தாழ 140 ஆண்டுகள் ஆயின.

அமெரிக்காவிலிருந்து நம் நாட்டிற்கு வர, நமக்கு ஓர் அமெரிக்கரே பாலம் அமைத்துத் தந்துள்ளார். 1996ஆம் ஆண்டில் ‘வாஷிங்டன் போஸ்ட்’ நாளிதழின் டெல்லி நிருபராக இருந்தவர் கென்னத் கூப்பர். அவர் கறுப்பினத்தவர். தலித் பத்திரிகையாளர் ஒருவரை அறிமுகம் செய்துவைக்க இயலுமா என்று பி. என். உனியால் என்னும் மூத்த பத்திரிகையாளரை அவர் கேட்டார். உனியால் தேடினார்; முப்பது ஆண்டுப் பத்திரிகை வாழ்வில் அத்தகைய ஒருவரைத் தாம் சந்தித்ததே இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. மத்திய அரசின் அங்கீகாரம் பெற்ற நிருபர்கள் 686 பேர் பட்டியலை எடுத்தார். 454 பேர் பெயரோடு சாதிப் பெயரும் ஒட்டியிருந்தது. அவர்களுள் தலித் எவருமில்லை. எஞ்சிய 232 பேரில் 47 பேரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டார். ஒருவரும் இல்லை. அவ்வாண்டு நவம்பரில் ‘பயனியர்’ இதழில் அவர் இதனை எழுதினார். தலைநகரத்துப் பத்திரிகையாளர் எவருக்கும் அதுவரை தோன்றாத கேள்வி, அயல்நாட்டிலிருந்து வந்த கறுப்பினத்தவர் ஒருவருக்குத் தோன்றிற்று. அவர் நாட்டில் அது பழகிய கேள்வி.

பின்வந்த கணக்கெடுப்புகளும் வேறு விதமாகச் சொல்லவில்லை. 2006ஆம் ஆண்டில் டெல்லியில் 37 செய்தி நிறுவனங்களில் முடிவெடுக்கும் நிலையிலிருந்த 315 பேரை ஆராய்ந்தபோது, தாழ்த்தப்பட்டோரோ பழங்குடியினரோ ஒருவரும் இல்லை. 2019ஆம் ஆண்டில் ஆக்ஸ்ஃபாம், நியூஸ்லாண்டரி அமைப்புகள் வெளியிட்ட அறிக்கையில், செய்தி நிறுவனங்களின் 121 தலைமைப் பொறுப்புகளில் 106 உயர்சாதியார் வசம் இருந்தன. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் வசம் ஒன்றும் இல்லை.

இத்தனைக்கும் இதழ் நடத்துவது நமக்குப் புதிதன்று. இரட்டைமலை சீனிவாசனார் 1893ஆம் ஆண்டிலேயே ‘பறையன்’ என்னும் இதழைத் துணிந்து தொடங்கினார். அண்ணல் அம்பேத்கர் 1920 ஜனவரி 31ஆம் நாள் ‘மூக்நாயக்’ இதழைத் தொடங்கியபோது, அதன் விளம்பரத்தைக் காசு பெற்றுக்கொண்டு வெளியிடவும் ‘கேசரி’ இதழ் மறுத்தது. இவர்களுக்கு இடையே, நம் பொருளுக்கு நேரே பொருந்துபவர் பண்டிதர் அயோத்திதாசர். அவர் தொழிலால் சித்த மருத்துவர். தம் ஆசிரியரின் பெயரையே தம் பெயராகச் சூடிக்கொண்டவர். ஆசிரியர் தொழிலில் இருக்கும் எனக்கு அச்செய்தி தனி மகிழ்ச்சி தருவதுண்டு. 1907 ஜூன் 19ஆம் நாள் சென்னை இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் வார இதழை அவர் தொடங்கினார். மறு ஆண்டில் அது ‘தமிழன்’ ஆயிற்று. 1914ஆம் ஆண்டு மே 5ஆம் நாள் மறையும்வரை அதனை நடத்தினார். நாடி பிடித்த கையே எழுதுகோலையும் பிடித்தது.

அவர் எழுத்தில் மருத்துவனின் கண் இருந்தது. சேரி மக்கள் அழுக்கானவர், நோயுற்றவர் என்று இகழ்ந்தோர்க்கு அவர் அளித்த விடை கருதத்தக்கது. தூய நீரை முகந்து குடிக்க விடாமல் தடுத்தவர் யார்? வண்ணாரை வெளுக்க விடாமலும் நாவிதரை மழிக்க விடாமலும் தடுத்தவர் யார்? தடுத்துவிட்டுப் பின் அழுக்கென்பதும் நோயென்பதும் என்ன நியாயம் என்பதே அவர் வாதத்தின் சாரம். நோயின் காரணத்தை நோயாளியின் பிறப்பில் தேடாமல், மூடப்பட்ட கிணற்றில் தேடினார். மருத்துவப் பல்கலைக்கழகங்கள் இன்று நோயின் சமூகக் காரணங்கள் எனத் தனிப்பாடமாகக் கற்பிப்பதை, காலணா விலையுள்ள தாளில் அவர் வாரந்தோறும் எழுதினார். அத்தாள்களில் கிடைத்தவற்றை ஞான. அலாய்சியஸ் அவர்கள் தொகுக்க, பாளையங்கோட்டையிலிருந்து 1999ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தன. ஏறத்தாழ 85 ஆண்டுகள் அவை பெரும்பாலோர் கண்ணில் படாமலே கிடந்தன.

தனி இதழ் வேண்டும். அது நம் வீடு. ஆனால் ஊர் முழுவதும் படிக்கும் இதழில் நம் நோய் எவ்வாறு எழுதப்படுகின்றது என்பதும் நம் கவலையாதல் வேண்டும். இதற்கு ஒரு சான்று கூறுவேன். எம் பள்ளியில் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் மாணவர் நாளிதழ்த் தலைப்புகளைப் படிப்பது வழக்கம். ‘விஷவாயு தாக்கி இருவர் பலி’ என்று ஒரு நாள் எட்டாம் வகுப்பு மாணவி படித்தாள். கூட்டம் கலைந்தபின் என்னிடம் வந்து, ‘ஐயா, விஷவாயு எங்கிருந்து வந்து தாக்கியது?’ என்று கேட்டாள். போர்க்களத்து நச்சுப்புகை என்று எண்ணிவிட்டாள் போலும். அவள் கேள்வி என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது.

வாயு எவரையும் தேடி வந்து தாக்குவதில்லை. மூடிக் கிடக்கும் கழிவுநீர்க் குழியில் கழிவு அழுகும்போது ஹைட்ரஜன் சல்பைடு, மீத்தேன் முதலியன தேங்குகின்றன, ஆக்ஸிஜன் குறைகின்றது. ஹைட்ரஜன் சல்பைடு சிறிதளவில் அழுகிய முட்டைபோல் நாறும். அளவு மிகுந்தால் மோப்ப உணர்வையே அழித்துவிடும். நாற்றம் இல்லை என்று எண்ணி இறங்கியவன் மயங்கி வீழ்கிறான். அவனைத் தூக்க இறங்கிய தோழனும் வீழ்கிறான். இறப்போர் பெரும்பாலும் இருவராகவும் மூவராகவும் இருப்பதன் காரணம் இதுவே. இது தொழிலால் வரும் சாவு. ஆனால் இச்செய்தியை எழுதுபவர் மருத்துவச் செய்தியாளர் அல்லர். காவல் நிலையத்திற்குச் சென்றுவரும் நிருபர். ஆகவே முதல் தகவல் அறிக்கையின் மொழியே செய்தியின் மொழியாகின்றது. திருட்டு, சாலை விபத்து ஆகியவற்றின் நடுவே அதுவும் ஒன்றாய் அமர்கின்றது. இறக்கியவர் யார், பாதுகாப்புக் கருவி இருந்ததா, இறந்தவர் எத்தனை ஆண்டுகளாக அத்தொழிலில் இருந்தார், அவருக்கு முன்பே இருமலும் தோல்நோயும் மஞ்சள்காமாலையும் இருந்தனவா என்னும் கேள்விகளுக்கு அங்கு இடமில்லை. நெஞ்சடைப்புக்கும் நீரிழிவுக்கும் வாரந்தோறும் ஒரு பக்கம் ஒதுக்கும் இதழ்கள், துப்புரவுத் தொழிலாளியின் நுரையீரலைப் பற்றி எழுதியதை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன்.

சட்டம் இல்லாமல் இல்லை. மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடுக்கும் சட்டம் 1993ஆம் ஆண்டிலும், விரிவான சட்டம் 2013ஆம் ஆண்டிலும் வந்தன. 1993 முதல் கழிவுநீர்க் குழிகளில் இறந்த அனைவர் குடும்பங்களையும் கண்டறிந்து 10 இலட்சம் ரூபாய் வழங்க வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2014 மார்ச் 27ஆம் நாள் ஆணையிட்டது. 2023 அக்டோபரில் அத்தொகையை 30 இலட்சமாக உயர்த்தியது. இந்தத் தொகையைப் பெற, சாவு கழிவுநீர்க் குழியில் நேர்ந்தது என்று மெய்ப்பிக்க வேண்டும். அதற்குப் பல குடும்பங்களிடம் இருக்கும் ஆவணங்களுள் ஒன்று அந்த நான்கு வரிப் பத்திரிகைத் துண்டு. அதில் ‘விபத்து’ என்று பொதுப்படையாக இருந்தால் அலைச்சல் கூடுகின்றது. ஆகவே ஒரு சொல்லைத் தெரிந்தெடுப்பது இலக்கண நயம் மட்டும் ஆகாது. ஒரு விதவைத் தாய்க்கு 30 இலட்ச ரூபாய்க் காரியம்.

உள்ளே நுழைந்தவர்க்கும் ஒரு கண்ணி உண்டு. ‘காலனிச் செய்தி எல்லாம் உனக்கு’ என்று ஒதுக்கிவிடுவர். வேலை ஓரிடம், ஒதுக்கம் வேறிடம் என்பது போய், வேலைக்குள்ளேயே ஒரு சேரி அமைந்துவிடும். நம் பிள்ளை புற்றுநோய் மருந்து விலையைப் பற்றியும், மருத்துவக் கல்லூரிக் கட்டணத்தைப் பற்றியும், பட்ஜெட்டைப் பற்றியும் எழுதவேண்டும். அதே போல் அக்கிரகாரத்துப் பிள்ளையும் குழியில் இறங்கி இறந்தவனைப் பற்றி எழுதவேண்டும். உத்தரப் பிரதேசத்துச் சித்திரகூடத்தில் 2002ஆம் ஆண்டில் தொடங்கிய ‘கபர் லஹரியா’ இதழை எண்ணிப் பார்க்கலாம். தலித் பெண்கள் பலரும் உள்ளிட்ட கிராமத்துப் பெண்களே அதில் நிருபர்கள். ஆசிரியப் பணியும் அவர்களிடமே. குடிநீரையும் கழிப்பறையையும் பேறுகாலத்தையும் எழுதிய அதே கைகள் தேர்தலையும் கல்குவாரிக் கொள்ளையையும் எழுதின.

நம் சங்கத்து விடுதியில் தங்கிப் படித்த மாணவர் ஒருவர் நாளிதழ் ஒன்றில் நிருபராக இருக்கிறார். பெயர் வேண்டாம் என்றார். முதன்முறை கழிவுநீர்க் குழிச் சாவு ஒன்றை எழுதியபோது, இறந்தவர் பெயர், வயது, பணியாற்றிய ஆண்டுகள், ஒப்பந்தக்காரர் கையுறைகூடத் தரவில்லை என்னும் மனைவியின் வாக்குமூலம் ஆகிய அனைத்தையும் எழுதியனுப்பினார். துணை ஆசிரியர் எல்லாவற்றையும் அடித்துவிட்டு ‘விஷவாயு தாக்கி’ என்று திருத்தினார். கெட்ட எண்ணத்தால் அன்று, வழக்கத்தால். இவர் மறுநாள் அவரிடம் சென்று, பேருந்து மோதி இறந்தவர் செய்தியில் பேருந்தின் எண்ணைப் போடுகிறோமே, குழிக்குச் சொந்தக்காரர் பெயரை ஏன் போடுவதில்லை என்று மட்டும் கேட்டாராம். அவர் விடை கூறவில்லை. சில மாதங்கள் கழித்து அடுத்த சாவு நேர்ந்தது. இம்முறை கட்டடத்தின் பெயரும், இறந்தவர் 17 ஆண்டுகளாகக் குழியில் இறங்கி வந்தார் என்னும் செய்தியும் முதல் வரியிலேயே வெட்டுப்படாமல் வந்தன. அந்தத் துண்டைக் கத்தரித்து எம் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறேன். வழிபாட்டுக் கூட்டத்தில் அதனைப் படித்தவள் அதே மாணவிதான். இப்போது ஒன்பதாம் வகுப்பு.